வெறுங்கரண்டி

சம்யுக்தாவைப் பிழைக்க வைக்கிற மருந்து உலகத்தில் இருக்கத்தான் செய்தது. அவள் உடம்புக்குத்தான் அது ஆகவே ஆகாது. இருபத்து நாலு வருஷம் காத்திருந்து, ஒருவழியாக மருந்து கைக்கு வந்த பிறகு, நாக்கில் பட்டதும் தடிப்பும் வீக்கமுமாக உடம்பே கதவைச் சாத்தினால் யாரைப் போய்த் திட்டுவது? அவள் தன்னையே திட்டிக்கொண்டாள். அதில் அவளுக்கு நல்ல பழக்கம் இருந்தது.

நோயின் பெயர் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். மரபணுவில் பிறவியிலேயே விழுந்துவிட்ட ஒரு பிழை. நுரையீரலில் சளி நீர்த்து ஓடாமல் கோந்தாக அடைத்துக்கொள்ளும். தின்ற சோறு உடம்பில் ஒட்டாது. வியர்வை உப்பாய்க் கரிக்கும். சம்யுக்தா பெருந்துறையில் வீட்டிலிருந்தபடியே ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் திரையில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள். ஒரு மூச்சில் எத்தனை வார்த்தை பேசமுடிகிறது என்பதையும் அவள் எண்ணிக்கொண்டே வந்தாள். ஆறு மாதத்துக்கு முன்னால் ஒன்பது. இப்போது ஆறு.

அன்று காலை பத்து மணிக்கு, கோயமுத்தூரில் ஒரு மருத்துவமனையின் நான்காவது மாடியில், மூன்றாவது முறையாக அதே கட்டிலில் ஏறிச் சாய்ந்து உட்கார்ந்தாள். கூட வந்தவர் அப்பா நவநீதன். கல்யாணப் பந்திகளுக்குப் பரிமாற ஆள் திரட்டிப் போகிறவர்; தானும் வேட்டியை மடித்துக் கட்டி முதல் வரிசையில் நிற்பவர். சோற்றை ரோபோ வடிக்கிற காலம் வந்த பிறகும், இலையில் வைப்பது மட்டும் மனுஷக் கையாக இருக்கவேண்டும் என்று ஜனங்கள் பிடிவாதம் பிடித்ததால் அவர் கை ஓயவே இல்லை.

டாக்டர் ஃபரீதா, மேசையை இழுத்துக் கட்டிலுக்குக் குறுக்கே போட்டார். "போன ரெண்டு தடவையும் என்ன செஞ்சோம்னு அப்பாவுக்கு ஒருதரம் சொல்லிடறேன். மருந்தை எட்டாயிரத்துல ஒரு பங்காக் கரைச்சு நாக்குக்கு அடியில விட்டோம். இருபது நிமிஷம் கழிச்சு அதைப்போல ரெண்டு மடங்கு. அப்புறம் அதுல ரெண்டு மடங்கு."

"பதினாலு படி" என்றாள் சம்யுக்தா. மூச்சு வாங்கிக்கொண்டு, "பதினாலாவதுல முழு மாத்திரை" என்று முடித்தாள்.

நவநீதன் தலையாட்டினார். "அதாவதுங்க டாக்டர், முன்னப்பின்ன தெரியாத ஆளை ஒறம்பரை ஆக்கறது. மொத நாளே நடுவீட்டுக்குக் கூட்டியாந்தா நாய் கொலைக்கும், ஆளுக கம்பை எடுப்பாங்க. ஒரு நாளைக்குத் தெருமுக்குல, ஒரு நாளைக்கு வாசல்லன்னு நிக்க வெச்சுப் பழக்கிட்டா, அப்புறம் அவிங்களே எலையைப் போட்டு உட்காருங்கம்பாங்க."

ஒறம்பரை என்றால் அவர்கள் பக்கத்தில் விருந்தாளியும் அதுதான், சொந்தக்காரரும் அதுதான். டாக்டருக்கு அந்த விளக்கம் பிடித்துப்போயிற்று.

"அதேதான். ஆனா இந்த ஒறம்பரையை உடம்பு சட்டுனு மறந்துடும். ரெண்டு படிக்கு நடுவுல ஒரு மணி நேரத்துக்கு மேல விட்டாப் போச்சு, மறுபடி மொதப் படி. முழு மாத்திரைக்கு ஏறின பிறகும் தினம் விடாமச் சாப்பிடணும். சேர்ந்தாப்ல ரெண்டு நாள் விட்டா, யாரு நீன்னு கேக்கும்."

டாக்டர் சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது, அது சம்யுக்தாவுக்கு மனப்பாடம். ஆளுக்கு மூன்று முறைதான். மருந்து குறைவாகத்தான் தயாராகிறது, காத்திருப்பவர்கள் நிறைய. மூன்றாவது முறையும் தவறினால் அவள் பங்கு பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். முன்பு இரண்டு முறையும் ஒன்பதாவது படியில்தான் தொண்டை அடைத்தது. ஊசி போட்டு மீட்டார்கள்.

"இந்தத் தடவை ஆள் வேற" என்று டாக்டர் மேசைமேல் இருந்த வெள்ளைப் பெட்டியைத் தட்டினார். தையல் மெஷின் அளவு இருந்தது. முன்பக்கம் ஒரு கேமரா. பக்கத்திலிருந்து மெல்லிய குழாய் ஒன்று அவள் உதட்டோரம் வந்து நாக்கடியில் முடிந்தது. கையில் ஒட்டிய பட்டை, ஒவ்வாமையைக் கிளப்பிவிடுகிற செல்கள் முழித்திருக்கின்றனவா தூங்குகின்றனவா என்று நொடிக்கு நொடி பெட்டிக்குச் சொல்லும். அதையும் பார்த்து, முகத்தையும் பார்த்து, நோயாளியோடு பேசியும், அடுத்த சொட்டைக் கொடுப்பதா வேண்டாமா என்று பெட்டியே முடிவெடுக்கும். நர்ஸ்கள் அதற்குப் 'பரிமாறி' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"தமிழ் பேசுமுங்களா?" என்றார் நவநீதன்.

"நம்ம ஊர்த் தமிழே பேசும். கொஞ்சம், இன்னும் கொஞ்சம், வேண்டாம், போதும்னு அளவைப் பத்தி ஜனங்க பேசற பேச்சு வேணும்னு இதைச் செஞ்சவங்க தேடியிருக்காங்க. அது கொட்டிக் கிடக்கிற எடம் கல்யாண வீடியோதானே! லட்சம் பந்தி பார்த்திருக்காம்."

"அட, நம்மாளு!" என்று நவநீதன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"வாங்க வாங்க" என்றது பெட்டி, நடுவயதுப் பெண் குரலில். "சாவகாசமா உட்காருங்க. ஆரம்பிக்கலாமுங்களா?"

எட்டுப் படிகள் சிரித்துப் பேசியபடியே கழிந்தன. ஒவ்வொன்றுக்கும் பெட்டி, "வெக்கட்டுமுங்களா?" என்று கேட்டது, சம்யுக்தா தலையாட்டினாள். நடுநடுவே நவநீதன் அதனிடம் முறுக்குப் பிழியும் பக்குவம் பற்றியெல்லாம் விசாரித்தார். அது பதிலும் சொன்னது. டாக்டர் பக்கத்து அறைக்குப் போனார். பன்னிரண்டு ஐம்பதுக்கு ஒன்பதாவது படி வந்தது.

"அடுத்தது வெக்கட்டுமுங்களா?"

சம்யுக்தா குழாயைப் பார்த்தாள். முதல் தடவை இதே கட்டிலில் உதடு தடித்துப் பேச்சு குழறியது, முகத்துக்கு மேல் ஐந்தாறு தலைகள் குனிந்து பார்த்தது எல்லாம் ஒரேயடியாக வந்து மோதின.

"போதும்" என்றாள்.

"என்னங்க நீங்க! ஒரே ஒரு சொட்டுதானுங்க. கண்ணை மூடிட்டு வாங்கிக்கங்க."

"போதும்னு சொல்றேனில்ல?"

"இத்துனூண்டுல என்னங்க ஆயிரப்போகுது!" என்றது பெட்டி. நாக்குக்கு அடியில் ஈரம் பட்டது.

நவநீதன் தன்னை மறந்து சிரித்துவிட்டார். அசல் பந்திப் பேச்சு. அவர் ஆட்களில் யாராவது இவ்வளவு லட்சணமாகச் சொல்லியிருந்தால் முதுகில் தட்டிக்கொடுத்திருப்பார். திரும்பி மகளைப் பார்த்ததும் சிரிப்பு அப்படியே நின்றது. அவள் மணிக்கட்டைச் சொறிந்துகொண்டிருந்தாள். கழுத்து சிவந்து, மூச்சு குறுகிக் கீச்சிட்டது.

"நான் போதும்னா" என்றாள். ஒரு மூச்சு. "உங்க காதுல விழவே விழாதாப்பா?" இன்னொரு மூச்சு. "பொறந்ததுலேர்ந்து... ஒரு தடவையாச்சும்?"

அவள் பெட்டியைக் கேட்கவில்லை, அவரைத்தான் கேட்டாள். மூன்றாவது தோசைக்குப் போதும் என்றால் நாலாவது விழும். சளி கரைக்கும் புகையை முகமூடி மாட்டி இழுத்துக்கொண்டு போதும் என்றால், இன்னும் அஞ்சு நிமிசம் சாமி என்பார். உடம்பு தேறவேண்டுமே என்ற தவிப்பில் அவர் செய்ததுதான், அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் போதும் என்ற சொல் அவர் காதுக்கு, இன்னொரு கரண்டி வைக்கலாம் என்றுதான் எப்போதும் கேட்டது.

நவநீதன் எழுந்தார். என்ன செய்கிறோம் என்று யோசித்துச் செய்ததாகத் தெரியவில்லை. இலைக்கு மேல் கவிந்துகொண்டு கை மறிப்பார்களே, அதுபோல அவள் முன்னாலிருந்த மேசைக்குக் குறுக்கே உள்ளங்கையை விரித்து நீட்டினார்.

"சரிங்க" என்றது பெட்டி. குழாயின் விளக்கு அணைந்தது.

டாக்டர் ஓடிவந்தார், பின்னாலேயே ஊசியோடு நர்ஸ். டாக்டர் சம்யுக்தாவின் தொண்டையைப் பார்த்தார், மார்பில் குழல் வைத்துக் கேட்டார், திரையைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"செல்லெல்லாம் அசையாமத் தூங்குதே! அப்புறம் எப்படி இது?" நர்ஸின் கையைத் தடுத்து, "ரெண்டு நிமிஷம் பொறுங்க" என்றார். நடந்ததைக் கேட்டதும் முகம் கறுத்தது. "போதும்னு சொன்ன பிறகு கொடுத்துச்சா? நோயாளி போதும்னா அது போதும்தான். அதுக்கு மேல பேச்சே கிடையாது."

"அதுக்கு அது தெரியாதுங்க டாக்டர்" என்றார் நவநீதன். "அது பந்தியில நிக்குதுங்க. பந்தியில போதும்ங்கறது மரியாதைக்குச் சொல்றது. மொதத் தடவையே நிறுத்திட்டா, பரிமாற மனசில்லாத பயன்னு நெனச்சுக்குவாங்க. கையைக் குறுக்கே வெச்சாத்தான் நெசம்." சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிமிர்ந்தார். "ஏனுங்க, அது நெசமாலுமே வெச்சுதுங்களா? அதைப் பாருங்க மொதல்ல."

"என்ன கேக்கறீங்க?"

"வாயும் போதும்னு சொல்லி, மூஞ்சியும் போதும்னு சொல்லுச்சுன்னா நாங்க வெக்க மாட்டோமுங்க. வெச்சா எலையில வீணாப் போகும், வெக்காமத் தாண்டிப் போனா அவிங்க மனசு சுணங்கும். அதனால கரண்டியைச் சும்மா ஒரு சாய்ப்புச் சாய்ச்சுட்டு அடுத்த எலைக்குப் போயிருவோம். வெறுங்கரண்டி."

டாக்டர் திரையில் பழைய பதிவைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஒருமுறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார்.

"ஒன்பதாவது படி, மருந்து ஒண்ணுமில்ல. வெறும் தண்ணி."

சம்யுக்தா தன் மணிக்கட்டைப் பார்த்தாள். சிவப்பு இன்னும் இருந்தது. "அப்ப இது?"

"பயம்மா. பயத்துக்கும் தோல் சிவக்கும், மூச்சு முட்டும். மொதத் தடவை உனக்கு வந்தது நிஜமான ஒவ்வாமை, ரத்தத்துலயே தெரிஞ்சுது. ரெண்டாவது தடவை எனக்கே ஒரு சந்தேகம் இருந்துச்சு. அப்ப பார்க்கறதுக்கு இந்தப் பட்டை இல்ல."

அவளுக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வந்ததும்தான். ஆனால் அதற்கு முன்னால் சிரிப்பு முண்டியடித்துக்கொண்டு வந்துவிட்டது. "தண்ணிக்கா இந்த ஆட்டம் போட்டேன்?" என்று சிரித்து, சிரிப்பு இருமலாகி, கண்ணில் நீர் வழிய மறுபடி சிரித்தாள். நர்ஸும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. "கொடுக்காததைக் கொடுத்தேன்னு ஒரு மெஷின் நடிக்குது. இன்னைக்கு நமக்கு நல்லதாப் போச்சு. நாளைக்கு ஒருத்தருக்குக் கொடுத்துட்டு, கொடுக்கலேன்னு சொன்னா? இது பொய்."

"பொய் இல்லீங்க, உபசாரம்" என்றார் நவநீதன்.

"மருந்துல உபசாரம் கூடாதுங்க."

நவநீதன் கொஞ்சம் யோசித்தார். "நியாயந்தானுங்க" என்றார்.

"இதே பெட்டி இந்த நிமிஷம் இன்னும் பதினோரு ஊர்ல ஓடிட்டிருக்கு. நான் சொல்லித்தான் ஆகணும். செஞ்சவங்களுக்குச் சொன்னா எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லுவாங்க, இதையும் சேர்த்து." டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "எட்டாவது சொட்டு விட்டு அரைமணி ஆச்சு. இன்னும் அரைமணியில உடம்பு எல்லாத்தையும் மறந்துடும்."

அப்புறம் அது மூன்றாவது தோல்வி. அறையில் இருந்த நாலு பேருக்கும் அது தெரிந்திருந்தது.

மொத்தமாக நிறுத்தாமலே ஆபத்தை விலக்க, டாக்டர் அங்கேயே நின்று இரண்டு வேலை செய்தார். முதலில் பதினோரு ஊர்களுக்கும் வரிசையாகப் பேசினார்: பெட்டி தானாக முடிவெடுப்பதை அணைத்துவிடுங்கள், ஒவ்வொரு படியையும் பக்கத்தில் நின்று பாருங்கள், அதுவரைக்கும் நிறுத்தவேண்டுமானால் நோயாளியை மேசைக்குக் குறுக்கே கையை நீட்டச் சொல்லுங்கள். திருச்சியில் ஒரு டாக்டர், என்ன விளையாடுகிறீர்களா என்று கேட்டார். அடுத்த நிமிஷமே அவரே கூப்பிட்டு, நிற்கிறது, நிஜமாகவே நிற்கிறது என்று கத்தினார். அந்த ஊர்களில் நோயாளிகள் யாரும் முதல் படிக்கு இறங்கவேண்டி வரவில்லை. பிறகு டாக்டர் இந்தப் பெட்டியின் பின்புறம் எதையோ அழுத்திவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"இனி இது சும்மா கரண்டிதான். யோசிக்காது. செல்லு முழிச்சா மட்டும் சொல்லும். வெக்கறதும் வேண்டாம்ங்கறதும் உன் வார்த்தை. ஒன்பதாவது படி உனக்கு ஒத்துக்கும்னு நான் உத்தரவாதம் தரமாட்டேன். ஒத்துக்கலாம், ஒத்துக்காமலும் போகலாம். ஊசியைக் கையிலயே வெச்சுட்டு உட்கார்ந்திருப்பேன், அது மட்டும் நிச்சயம்."

சம்யுக்தா அப்பாவைப் பார்த்தாள். ஒரே ஒரு சொட்டு சாமி என்று அவர் உடம்பு முழுவதும் கெஞ்சுவது அவளுக்குத் தெரிந்தது. வாய் திறந்தது. அவரே அதை மூடிக்கொண்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார்.

"என்னப்பா சொல்றீங்க?"

"நான் ஒண்ணுஞ் சொல்லலீங்க சாமி. நீ போதும்னா போதும். இப்பவே பஸ் ஏறிரலாம்."

அதைச் சொல்ல அவர் என்ன பாடு பட்டிருப்பார் என்று அவளுக்குத் தெரியும். மகள் சாகட்டும் என்று விடுகிறவர் இல்லை அவர்; மகள் சொன்னதை முதல்முறையாக அப்படியே எடுத்துக்கொண்டவர். அந்த நிமிஷம் அவர்மேல் அவளுக்கு வந்த பாசத்துக்கு அளவே இல்லை. பயம் போகவில்லை. ஆனால் இது அவளுடைய பயம், வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் இறக்கி வைக்கலாம்.

அவள் பெட்டியின் பக்கம் திரும்பினாள். "நான் வைன்னு சொன்னாத்தான் வெக்கணும். வெச்சா வெச்சேன்னு சொல்லணும்."

"சரிங்க."

"போதும்னா?"

"நிறுத்திருவேனுங்க."

"வை."

"வெச்சேனுங்க" என்றது பெட்டி.

ஒன்று இருபத்தைந்து. இருபது நிமிஷம் காத்திருக்கவேண்டும். டாக்டர் திரையைப் பார்த்தார், நர்ஸ் டாக்டரைப் பார்த்தாள், நவநீதன் தரையைப் பார்த்தார். சம்யுக்தா தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சிவப்பு மெல்ல மங்கி, தோலின் சொந்த நிறம் திரும்பி வந்தது.

"வை" என்றாள். பத்து. "வை." பதினொன்று. பன்னிரண்டில் முழங்கையோரம் இரண்டு தடிப்பு எழுந்தது. "செல்லுக லேசா மொனகுதுங்க" என்றது பெட்டி. "இது நெசந்தானுங்க. பத்து நிமிசம் சேத்திப் பொறுக்கலாமுங்களா?" நிஜமான தடிப்பைப் பார்த்தபோது அவளுக்கு அவ்வளவு பயமாக இல்லை, இவ்வளவுதானா நீ என்று கேட்கத் தோன்றியது. பத்து நிமிஷத்தில் அது அடங்கியது. மூன்றேகால் மணிக்குப் பதினாலாவது படி, முழு மாத்திரை. அதற்கும் இருபது நிமிஷம் காத்திருந்து, திரையில் கோடு நேராகக் கிடப்பதைப் பார்த்த பிறகு, டாக்டர் ஃபரீதா ஊசியைத் தட்டில் போட்டுவிட்டு இரண்டு கையையும் உயர்த்தி ஒரு கூச்சல் போட்டார். முப்பது வருஷ அனுபவமுள்ள டாக்டர் போடுகிற கூச்சலாக அது இல்லை.

அன்று சாயங்காலமே மருந்து வேலையைத் தொடங்கியது. ஒன்றரை நாள் இருமினாள். நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்த கோந்தெல்லாம் இளகி இளகி வெளியே வந்தது. மூன்றாம் நாள் காலை கண் விழித்தபோது அறையில் என்னமோ குறைவதாகத் தோன்றியது. தன் மூச்சின் கீச்சுச் சத்தம்தான் குறைகிறது என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அடுத்த திங்கட்கிழமை பின்னக் கணக்கு நடத்தினாள். எத்தனை வார்த்தை ஆயிற்று என்று எண்ணவே மறந்துபோய், வாக்கியத்தின் முற்றுப்புள்ளிக்குத்தான் நிறுத்தினாள். பிள்ளைகள், டீச்சர் ரொம்ப வேகமாப் போறீங்க என்று முறையிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மா அரிசிம்பருப்புச் சாதம் செய்திருந்தாள். சுடச்சுட இலையில் விழுந்தது, மேலே நெய். சம்யுக்தா வழக்கமான செரிமான மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள். இலை காலியானதும் நவநீதன் கரண்டியோடு வந்து குனிந்தார்.

"போதும்ப்பா" என்றாள் அவள், பழக்கத்தில்.

நவநீதன் நின்றார். கரண்டியைத் திரும்பப் பாத்திரத்திலேயே போட்டார். சரிங்க சாமி என்றுவிட்டு உள்ளே நடந்தார்.

சம்யுக்தா வெறும் இலையைப் பார்த்தாள். அவர் முதுகைப் பார்த்தாள். வயிற்றில் ஏதோ இழுத்துப் பிடித்தது. நோயாக இருக்குமோ என்றுதான் முதலில் நினைத்தாள். அது வேறு என்று தெரிந்ததும் அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"அப்பா!"

அவர் திரும்பினார்.

"பசிக்குதுப்பா" என்றாள். "இன்னுங் கொஞ்சம் வைங்க."

இந்த வீட்டில் யாரும் அவள் வாயால் கேட்டிராத வார்த்தை. அம்மா அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள். நவநீதன் பாத்திரத்தோடு ஓடிவந்தார். லட்சம் இலைக்கு ஒரு பருக்கை சிந்தாமல் பரிமாறியவர், கரண்டி நிறைய அள்ளி, பாதிச் சாதத்தை இலைக்கு வெளியே கொட்டினார்.

"பாத்து வைங்க" என்றாள் அம்மா, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இன்னைக்குத்தான் மொதமொதல்ல பரிமாற வந்தாப்ல!"